நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர்

12 ஆகஸ்ட் 1996, திங்கள்

இன்று ஐம்பத்து நான்கு மரம். காலில் ஏறிய நெருஞ்சி முள்ளை எண்ணவில்லை.

திருமுல்லைவாயில் தொழிற்சாலைக்காரர்கள் பின்பக்கத்தைக் ‘காலி இடம்’ என்கிறார்கள். அந்தக் காலி இடத்தில் வேம்பும் வாகையும் புங்கனும் தூங்குமூஞ்சியுமாக அறுநூறு மரத்துக்கு மேல் நிற்கிறது! அங்கே புது ஷெட் வரப்போகிறது. அவர்களோடு கூட்டுச் சேரும் ஜெர்மன் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது: சுற்றளவு தொண்ணூறு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும் மரத்தைத் தொடக்கூடாது, ஷெட்தான் ஒதுங்கிப் போக வேண்டும். மற்றவற்றை வெட்டிக்கொள்ளலாம். கூடவே, மரங்கள் மொத்தமும் எவ்வளவு கரியை, அதாவது கார்பனை, தமக்குள் வைத்திருக்கின்றன என்றும் கணக்குச் சொல்ல வேண்டும். அளப்பது எங்கள் அம்பத்தூர் ஆபீஸ். அதாவது நான்.

வெட்டாமலே மரத்தை எப்படி எடை போடுவீர்கள் என்று அப்பா கேட்டார். சுற்றளவை வைத்துக் கணக்குப் போட்டால் வரும் என்றேன். நம்பவில்லை. இருபத்தைந்து வருஷமாக ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருப்பவருக்குத் தராசுதான் சாட்சி.

எம்.எஸ்ஸி.யில் டேப் பிடித்தவள் கஸ்தூரி. நான் நோட்டில் எழுதுகிறவள். என் கை எட்டாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவு நல்லவர்கள். இப்போது டேப் என் கையில். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நெஞ்சு மட்டத்தில் சுற்றி, எண்ணைப் படிக்க வேண்டும்.

14 ஆகஸ்ட்

சாரைப்பாம்பு ஒன்று. அங்கே கண்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டு ஓடினேன். இல்லை — ஓடிவிட்டுச் சேர்த்தேன்.

22 ஆகஸ்ட், வியாழன்

முடிந்தது! மொத்தம் 612. தொண்ணூறும் அதற்கு மேலும் 203.

தப்பிய மரங்களுக்கெல்லாம் பஞ்சவர்ணக்கா வெள்ளை பெயின்ட்டில் வளையம் போட்டுவிட்டாள். தொழிற்சாலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவள். என்னைவிட ஒரு முழம் உயரம். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதும் அவள்தான். இந்த மரங்கள் செடியாக இருந்தபோது குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவளாம். ஒவ்வொரு எண்ணையும் நான் சொல்லும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தொண்ணூறு தாண்டினால் மரத்தின் முதுகில் ஒரு தட்டு. எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது.

30 ஆகஸ்ட், வெள்ளி

ரிப்போர்ட் ஜெர்மனிக்குப் போய்விட்டது. எங்கள் முதலாளி பக்தவத்சலம் சார் தண்ணீர்ப் பரிசோதனை செய்துகொண்டிருந்த கெமிஸ்ட். மரம் என்றால் அவருக்கு நாற்காலிதான். ஆனாலும் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, அக்டோபரிலிருந்து என் வேலை நிரந்தரம் என்றார். வாய் கொள்ளாத சிரிப்போடு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னவோ நினைத்துக்கொண்டார்.

8 செப்டம்பர், ஞாயிறு

கோயில் முடிந்து வந்ததும் சண்டை. பூந்தமல்லி வரனுக்கு அனுப்பும் காகிதத்தில் அம்மா என் உயரத்தை ஐந்தடி என்று எழுதியிருக்கிறாள். அவ்வளவெல்லாம் நான் இல்லை என்றேன். செருப்போடு சேர்த்து என்கிறாள். மலையேறும் செருப்பா போட்டிருக்கிறேன்? நாளை ஆபீஸ் டேப்பில் அளந்து, எண்ணை எழுதிக்கொண்டு வந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

9 செப்டம்பர், திங்கள்

அளந்தேன். ஐயோ.

பீரோவோடு ஒட்டி நின்றேன். லேபில் இருக்கும் ஞானகுமாரி தலைக்கு மேலே ஸ்கேலை வைத்து பென்சிலால் கோடு போட்டாள். நூற்று நாற்பத்தைந்து. ஐந்தடிக்கு மூன்று அங்குலம் குறைவு. சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். எதிர்ச்சுவரில் நானே ஒட்டிவைத்த அளவுப் படிவம். மரத்தைத் தரையிலிருந்து எந்த உயரத்தில் அளக்க வேண்டும் என்று அதன் தலையிலேயே அச்சாகி இருக்கிறது: 137 செ.மீ.

பீரோவில் நூற்று முப்பத்தேழைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கோடு என் புருவத்துக்கு நேராக இருந்தது.

என் நெஞ்சு மட்டம் நூற்றேழு! அறுநூற்றுப் பன்னிரண்டு மரத்தையும் ஒன்றேகால் சாண் கீழே அளந்திருக்கிறேன். கீழே போகப் போக அடிமரம் பருத்துத்தான் இருக்கும். கரிக் கணக்கும் போச்சு, எல்லாம் போச்சு. நெஞ்சு மட்டம்னா யார் நெஞ்சுன்னு ஒரு தரமாவது யோசிச்சியாடி ஜெயசீலி?

10 செப்டம்பர், செவ்வாய்

வளையம் போட்ட மரங்களில் நூறுக்குள் இருந்தவற்றை எல்லாம் சரியான உயரத்தில் மறுபடி அளந்தேன். எதற்கென்று கேட்டாள் பஞ்சவர்ணக்கா. சொன்னேன். முப்பத்தெட்டு மரம் தொண்ணூறுக்குக் கீழே வந்துவிட்டது. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒன் ஆபீஸ்ல யாருக்குனா தெரியுமா?”

இல்லை என்றேன்.

“அப்ப வுடு. மரம் வந்து ஒன் மேல கேஸா போடப்போவுது? நீ குட்டையா கீறது ஆண்டவன் செஞ்ச வேல. முப்பத்தெட்டு உசுரு தப்பிச்சிக்கினு கீது, அத்தப் போய்க் கெடுக்காத கண்ணு.”

நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது.

12 செப்டம்பர்

சொல்லவில்லை. சாரைப் பார்த்தாலே ரிஜிஸ்டருக்குள் முகத்தை நுழைத்துக்கொள்கிறேன்.

13 செப்டம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வீரமெல்லாம் இல்லை. நாமக்கல் பக்கம் ஒரு மலைக்காட்டை அளக்கும் வேலை வந்திருக்கிறதாம், இதே முறையில் நீங்களே போய்ச் செய்யுங்கள் என்று சார் உற்சாகமாகச் சொன்னார். ஒரு மலை முழுவதையும் என் நெஞ்சுயரத்துக்கு அளந்துவிட்டு வருவதா? அதற்கு மேல் முடியவில்லை.

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்துபோய் ஃபேன் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தார்.

“யாரும் கேக்கலையேம்மா. ஏன் சொன்னீங்க?”

அடுத்த வருஷம் வேறு யாராவது வந்து அளந்தால் எந்த எண்ணும் ஒத்துப்போகாது, ஆபீஸ் பெயர் கெடும் என்றேன். அது பாதிதான். மீதி என்னவென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பொய் எண்ணில் கையெழுத்துப் போட்டது உறுத்தியது. அந்த முப்பத்தெட்டையும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனே என்று அதைவிட அதிகமாக உறுத்தியது. பஸ்ஸில் அழுதேன்.

27 செப்டம்பர், வெள்ளி

ஜெர்மனியிலிருந்து ஃபேக்ஸ். திருத்தத்துக்கு நன்றி, கரிக் கணக்கை மறுபடி போடவும், அந்த முப்பத்தெட்டு மரங்களை இப்போதைக்குத் தொட வேண்டாம், அடுத்த வருஷம் இதே ஆகஸ்ட்டில், இதே பருவத்தில் சரியாக அளந்த பிறகு முடிவு, அதுவரை ஷெட் வேலை கிழக்குப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.

என் நிரந்தரமும் அடுத்த ஆகஸ்ட்டுக்குத்தான். சார் மரியாதையாகவே சொன்னார். மரத்துக்கும் எனக்கும் ஒரே தீர்ப்பு.

6 அக்டோபர்

அம்மா நாலடி ஒன்பதங்குலம் என்று திருத்தி எழுதி அனுப்பினாள். பூந்தமல்லியிலிருந்து பதில் இல்லை. போகட்டும்.

3 டிசம்பர்

அடைமழை. மொத்த இடமும் முழங்கால் தண்ணீர். ஆபீஸில் வேலை ஓடவில்லை. குடி, குடி, நன்றாகக் குடி என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

19 ஆகஸ்ட் 1997, செவ்வாய்

காலையிலேயே நிரந்தர ஆர்டரைக் கையில் கொடுத்து, அளந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார் சார். நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டருக்கு அறுத்து வைத்த சவுக்குக் கழியை மரத்தோடு நிறுத்தி, அதன் உச்சியில் டேப்பைச் சுற்றினோம். நான் கையைத் தூக்கிக்கொண்டு, பஞ்சவர்ணக்கா குனிந்துகொண்டு.

மழை நல்ல மழைதான். தூங்குமூஞ்சிகள் எல்லாம் தொண்ணூறைத் தாண்டிக் குதித்துவிட்டன. வாகையும் மோசமில்லை. ஒவ்வொன்றுக்கும் அக்கா முதுகில் தட்டினாள், இந்த முறை எனக்கும் சேர்த்து. மொத்தம் இருபத்தாறு பிழைத்தது. இனி அது யாரும் கேள்வி கேட்க முடியாத இருபத்தாறு.

வேம்புகள் மெதுவாகத்தான் வளர்ந்திருந்தன. பதினோரு மரம் தேறவில்லை. கடைசியாக நின்றதும் வேம்புதான். எண்பத்தொன்பதரை.

“அர சென்டிதானே. டேப்ப கொஞ்சம் தளத்திப் புடி, நான் இந்தாண்ட பாத்துக்கறேன்” என்றாள் அக்கா.

கழியை நகர்த்தாமல் மூன்று முறை சுற்றினேன். மூன்று முறையும் எண்பத்தொன்பதரை. அதையே எழுதினேன். அக்கா நோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு டேப்பைச் சுருட்டி என்னிடம் கொடுத்தாள். பெயின்ட் சுரண்டும் தகட்டையும் என் கையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். தேறாத மற்ற மரங்களின் வெள்ளை வளையத்தை எல்லாம் அவள்தான் சுரண்டியிருந்தாள், இதை நான் சுரண்டினேன். சொரசொரப்பான பட்டை. அரை மணி நேரம் ஆயிற்று.