இரண்டு வீட்டுச் சாப்பாடு

ஜூன் 3, செவ்வாய்

சிட்டுவின் அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. பக்கத்து அறையில் பெண் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் உயரமும் எடையும் பார்த்திருக்கிறார்கள். சிட்டுவின் எடை அவள் உயரத்துக்கு அதிகமாம். அதுவும் கடந்த ஒரு வருஷத்தில் மளமளவென்று ஏறியிருக்கிறதாம். அம்மா, அப்பா இருவரும் வந்து பள்ளி நர்ஸைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நாம் தனித்தனியாக இருக்க ஆரம்பித்தும் ஒரு வருஷம்தான் ஆகிறது. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்களிடம் வருகிற புதன் சாயங்காலமும் சனிக்கிழமையும் அவளுக்கு என்னதான் வாங்கித் தருகிறீர்கள்?

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா


ஜூன் 6, வெள்ளி

சிட்டுவின் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. பழுது பார்க்கப் போன ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் அடிக்குழியில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். 'குற்றம் சொல்லவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே குற்றம் சொல்ல உன்னால்தான் முடியும்.

குழந்தை கொழுகொழுவென்று இருப்பது யார் கண்ணை உறுத்துகிறது? என் அக்காவும் சின்ன வயதில் அப்படித்தான் இருந்தாள். புதன்கிழமை பொரித்த கோழி, ஒரு ஜூஸ். அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு தடவை பார்க்கிற பெண்ணுக்குக் கீரைக்கட்டா வாங்கித் தர முடியும்? நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் டிவி முன்னால் எத்தனை பிஸ்கட் பாக்கெட் காலியாகிறது, அதை யார் கேட்பது?

நர்ஸிடம் நீயே போய்ப் பேசு. நான் வந்தால் வாய்ச்சண்டை ஆகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. (சிரிக்காதே. மெக்கானிக் வீட்டு லிஃப்ட்டும் நிற்கும்.) மூன்றாவது மாடி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்து, "ஷூ லேஸ் கட்டணும்ப்பா" என்றாள். அவள் போட்டிருந்த ஷூவில் லேஸே கிடையாது. அதிலிருந்து மனசு என்னவோ போல இருக்கிறது.

சிட்டுவின் அப்பா


ஜூன் 12, வியாழன்

சிட்டுவின் அப்பாவுக்கு,

ஷூ விஷயத்தை எழுதியதற்கு நன்றி. அந்த வரிக்காகவே மற்ற வரிகளுக்குப் பதில் எழுதாமல் விடுகிறேன்.

நர்ஸைப் பார்த்தேன். திட்டு வாங்கப் போகிறோம் என்று பயந்துகொண்டேதான் போனேன். அவரோ, "யார் தப்புங்கிற கேள்விய முதல்ல தூக்கிப் போடுங்கம்மா. அவளோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு ரெண்டு பேரும் சும்மா கவனிச்சுப் பாருங்க. வேவு பார்க்கிற மாதிரி இல்ல, ஆசையா" என்றார். உடல்வாகு, தூக்கம், ஓட்டம், குடிக்கிற இனிப்பு, மனசு என்று பலதும் சேர்ந்து வருகிற விஷயமாம் இது. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது, உடம்பைப் பற்றி அவள் காதுபட ஒரு வார்த்தை பேசக் கூடாது, மாற்றம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்றார்.

அதனால் நானும் கவனித்தேன். கடையில் லீவு சொல்லிவிட்டு, விளையாட்டு வகுப்பு நேரத்தில் பள்ளி வேலிக்கு வெளியே நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். நம் பெண் மரத்தடியில் பைகளுக்குக் காவல் இருக்கிறாள். விளையாட்டு ஆசிரியரைக் கேட்டேன். "பந்தயம்னா கடைசியா வர்றா, பசங்க சிரிக்கறாங்க. அவளே பையைப் பார்த்துக்கறேன்னு சொன்னா மேடம்" என்றார். நல்ல மனிதர். சங்கடப்பட்டார். எனக்குத்தான் அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

இன்னொன்று எனக்குப் புரியவே இல்லை. புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும், "அப்பா வீட்ல ஒண்ணும் சாப்பிடலம்மா" என்று தட்டு நிறையச் சாப்பிடுகிறாள். நீங்கள் கோழி என்று எழுதியிருக்கிறீர்கள். எது நிஜம்?

சிட்டுவின் அம்மா


ஜூன் 19, வியாழன்

சிட்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒன்றும் சாப்பிடவில்லையா? என் கண் முன்னால் எலும்பு மட்டும்தானே மிச்சம் வைப்பாள்! அப்புறம்தான் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. காலையில் இங்கே வந்ததும், "அம்மா எதுவும் தரலப்பா, பசிக்குது" என்பாள். நான் உடனே முட்டையும் ரொட்டியும் செய்து போடுவேன். உன்னை மனதுக்குள் எத்தனை தடவை திட்டியிருப்பேன் தெரியுமா? நீ தராமல் இருந்திருக்க மாட்டாய். இப்போது தெரிகிறது.

நேற்று படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கோபப்படாமல், "நிஜமாவே ரெண்டு இடத்துலயும் பசிக்குமா கண்ணு?" என்று கேட்டேன்.

ஷூ நுனியால் படியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "பசிக்காதுப்பா" என்றாள்.

"அப்புறம் ஏன்?"

"நீங்க ஆசையா வாங்கி வச்சிருப்பீங்க. அம்மா சமைச்சிட்டு எனக்காகச் சாப்பிடாம உட்கார்ந்திருப்பாங்க. அங்க சாப்பிட்டேன்னு சொன்னா ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரு மாதிரி ஆயிடும். சில நாள் வயிறு வலிக்கும். ஆனா அந்த மூஞ்சி வராது."

நம் இருவர் முகத்தையும் காப்பாற்றுவதற்காக ஒரு வருஷமாக அவள் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருவரை ஒருவர் 'குழந்தை சாப்பிட்டாளா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நாம் கேட்கவே இல்லை.

என்ன செய்யலாம், சொல். நீ சொல்வதைக் கேட்கிறேன்.

சிட்டுவின் அப்பா


ஜூன் 24, செவ்வாய்

அன்புள்ள உங்களுக்கு,

கடையில் வைத்துப் படித்தேன். படித்த கையோடு ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவர் மூக்கில் மாட்டிவிட்டேன். அவர் பாவம், "எல்லாமே மங்கலாத் தெரியுதே" என்றார். எனக்கும்தான் என்று சொல்ல வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எங்கே சாப்பிட்டாலும் சொல்லலாம், அம்மா வருத்தப்பட மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். நம்பவில்லை. வாயால் சொன்னால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் புதன்கிழமைச் சாப்பாட்டை ஒன்றாக வைத்துக்கொள்ளலாமா? நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு. இதில் வேறு அர்த்தம் எதுவும் தேட வேண்டாம்.

நேற்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பந்தயம் இல்லாத விளையாட்டும் வேண்டும், பள்ளி விட்ட பிறகு மைதானத்தைப் பூட்டாமல் வையுங்கள், நாங்கள் முறை வைத்து வந்து பார்த்துக்கொள்கிறோம் என்றேன். எனக்குப் பின்னால் இன்னும் நாலைந்து அம்மாக்கள் எழுந்தார்கள், ஒரு தாத்தாவும். விளையாட்டு ஆசிரியர்தான் முதலில் சரி என்றார். வெள்ளிக்கிழமைக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்ததற்குத் திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

சிட்டுவின் அம்மா


ஜூலை 3, வியாழன்

அன்புள்ள உனக்கு,

நேற்று வீட்டுக்கு வந்தபிறகு தூக்கம் பிடிக்கவில்லை. அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன்.

நீ கவனித்தாயா? தட்டில் பாதி இருக்கும்போதே, "போதும்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் உன் முகத்தை. நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். எனக்கு 'இன்னும் கொஞ்சம்' என்று நாக்கு நுனி வரை வந்தது. ரொட்டியைக் கடித்து அதை உள்ளே தள்ளினேன். இரண்டு முகத்திலும் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தட்டை நகர்த்தினாள்.

அப்புறம் அவள் கேட்டது. "அப்பா இனிமே இங்கயே இருப்பாங்களா?" நீதான், "இல்லடா, புதன்கிழமை மட்டும்" என்றாய். அவ்வளவு நிதானமாகச் சொன்னாய். வலித்தது, ஆனால் அதுதான் சரி. அவளிடம் இனி யாரும் பொய் சொல்ல வேண்டாம், அவளும் நம்மிடம் சொல்ல வேண்டாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடிவிட்டாள்.

நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். நான் ஜன்னலில் நின்றேன். கீழே மற்றப் பிள்ளைகளோடு துரத்திப் பிடிக்கிற ஆட்டத்தில் அவள்தான் பிடிக்க வேண்டும். ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. நிற்பாள், மூச்சு வாங்குவாள், மறுபடி ஓடுவாள். ஓடும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு உன் வீட்டு ஜன்னல் வரை கேட்டது.

அவள் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவே தெரியாது.

சிட்டுவின் அப்பா