கப்பலில் வந்த மிளகாய்

18.09.1979

இன்று பள்ளிக்கூட விவாதப் போட்டியில், திறந்த பொருளாதாரம் நல்லது என்று பேசினேன். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்த பக்கம் அது. என் சொந்தக் கருத்து நேர் எதிர். வெளிநாட்டு மிளகாய் கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து எங்கள் மிளகாயைக் கேட்க ஆளில்லை. வீட்டு விறாந்தை முழுக்க மூட்டையாகக் கிடக்கிறது.

"மலிவாக வந்தால் சனங்களுக்கு இலாபம்தானே" என்று மேசையில் தட்டியபோதுதான் பின்வரிசையில் அப்பாவைக் கண்டேன். அவசரமாகப் பேச்சை முடித்துக்கொண்டு இறங்கினேன். ஆனாலும் சபையோர் கை உயர்த்தி வாக்களித்ததில் எங்கள் பக்கமே வென்றது.

முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்பா சைக்கிளை மிளகாய் மூட்டையில் சாத்திவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் கதைச்சனி, பிள்ளை."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"கேட்டுக்கொண்டிருந்திட்டு நானும் உன்ர பக்கத்துக்குக் கையைத் தூக்கிப்போட்டன். பிறகுதான் உந்த மூட்டையள் ஞாபகம் வந்தது."