செவலையின் தொட்டியில் மஞ்சள் பூ

அன்பு மகளுக்கு, அப்பா என் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அழுத்திப் பிடித்தால்தான் பேனா என் பேச்சைக் கேட்கிறது, அதனால் தாள் அங்கங்கே கிழிந்திருக்கிறது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நானும் அம்மாவும் நலம். உன் மகள் சிட்டுவும் நலம், அவளுடைய ஈரல் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈரல் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பதறாதே, கடைசி வரை படி.

இதுவரை நான் சொல்லச் சொல்ல உன் சித்தப்பாதான் எழுதிக் கொடுத்தார். நீயும் பதில் போடும்போது சித்தப்பா எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பாய். படித்துக் காட்டுவதும் அவர்தான், அந்த வரியை மட்டும் இரண்டு தரம் படிப்பார். அந்த வயிற்றெரிச்சலில்தான் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, சோப்பு உறை எதையும் சத்தமாகப் படிக்காமல் விடுவதில்லை, அம்மா காதைப் பொத்திக்கொள்கிறாள்.

எழுத்து போகட்டும், மாட்டிலாவது நான் மேலே இருக்கலாம் அல்லவா. ஆயுசு முழுக்க மாட்டோடு கிடந்தவன் நான். உன் சித்தப்பா, தபால் ஆபீசில் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்ற என் சகலை, ஒரு மாடு வாங்கினார், அது என் செவலைப் பசுவைவிட அதிகம் கறக்கிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. மதில் மேலாக அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் அறுத்த புல்லைத்தான் போடுகிறார். மறுநாளிலிருந்து அவருக்கு முன்னால் போய் அதே கரையில் நானும் அறுத்தேன். அங்கே புல்லோடு மஞ்சள் பூப் பூக்கும் களை ஒன்று மண்டிக் கிடக்கிறது. அவர் மாடு அதை நாக்கால் ஒதுக்கிவிடும், அவரும் தினம் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டுவார். தீவனத்தை வீணாக்கத் தெரிந்த அளவுக்கு மாடு வளர்க்கத் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். நான் மோட்டார் வைத்த வெட்டும் இயந்திரம் வாங்கி, எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, வெல்லத் தண்ணீர் தெளித்துப் போட்டேன். செவலை தொட்டியை நக்கித் துடைத்தது. உன் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காலித் தொட்டியைக் காட்டவும் செய்தேன்.

கொஞ்ச நாளில் செவலை இளைத்தது, பால் வற்றியது, வெயிலில் நிற்க மறுத்தது. மாட்டு டாக்டர் அம்மா வந்து, நறுக்கிய குவியலைக் கிளறி மஞ்சள் பூத் துணுக்கைப் பொறுக்கி எடுத்தார். அந்தக் களையின் விஷம் சிறுகச் சிறுகச் சேர்ந்து ஈரலைக் கெடுக்கும், பாலிலும் கொஞ்சம் இறங்கும், காய்ச்சினாலும் போகாது, சின்னக் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம் என்றார். “அய்யா, கசக்குதுன்னு அது ஒதுக்கியிருக்கும். அதுக்கும் நீங்க வழி விடலையே” என்றார். எனக்குச் சிட்டு குடித்த டம்ளர்தான் கண்ணில் நின்றது. பால் முழுவதையும் குழிக்குள் ஊற்றிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரத்தம் எடுக்கும்போது அவள் அழவில்லை, என்னைத்தான் வெளியே நிற்கச் சொன்னார்கள்.

இப்போது சிட்டுவுக்குப் பால் எங்கிருந்து என்று நினைக்கிறாய். அந்த டாக்டர் அம்மாவே உன் சித்தப்பாவின் மாட்டையும் பார்த்து, அந்தப் பாலைக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். காலையில் நானே தூக்குவாளியோடு போய் அவர் வாசலில் நிற்கிறேன். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நேற்று மட்டும், “சகலை, நாளைக்குப் பெரிய வாளியா கொண்டாங்க, புள்ள வளர்ற வயசு” என்றார். சிட்டுவோ உதட்டை நக்கிக்கொண்டு, “சின்னத் தாத்தா பால்தான் ஜோரு” என்கிறாள். சிரித்து வைத்தேன். உள்ளே எரிகிறது. ஆனாலும் நாளைக்குப் பெரிய வாளிதான் எடுத்துப் போவேன்.

செவலை மெல்லப் புல் கடிக்கிறது. இப்போது நறுக்குவதில்லை, அது ஒதுக்குவதை நானும் கூட்டிக் கொட்டுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடு. உன் வேலையில் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இரு. அடுத்த வாரம் சிட்டுவுக்கு மறுபடியும் ரத்தம் பார்க்கிறார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எழுதுவேன். சித்தப்பா முந்திக்கொண்டு எழுதினாலும் என்னுடையது வரும் வரை பிரிக்காதே.

ஆசியுடன்,
உன் அப்பா
(கையெழுத்தும் நானே போட்டது)