மீட்டர் கண்ணாடியில் சந்தனம்

இன்று காலை மருமகள் சந்தனக் கிண்ணத்தோடு உங்கள் கேமராவிடம் போனாள். ஆயுத பூஜை. அரிவாள்மணை, தையல் மெஷின், பேரனின் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள். "இதுக்கு எங்கன வைக்க, அத்தே?" என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரலைக் கொண்டுபோனாள். "ஏட்டி, அங்கன வைக்காதே!" என்று நான் போட்ட சத்தத்தில் கிண்ணம் கைதவறி உருண்டுவிட்டது. வீடெல்லாம் சந்தன வாசம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் மாட்டியிருக்கும் படத்திலிருந்து நீங்களும்தான்.

அவளுக்கு என்ன தெரியும், பாவம். நான் எதற்குக் கத்தினேன் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

கொழும்பிலிருந்து திரும்பிய உங்கள் கூட்டாளியிடம் நம் வீட்டு முன்கட்டு ஸ்டுடியோவுக்காக நீங்கள் அந்தக் கேமராவை வாங்கிய வருஷம் அது. லென்ஸுக்கு மேலே தேனடை மாதிரி குழிகுழியாக ஒரு மீட்டர் கண்ணாடி. அதில் விழும் வெளிச்சத்தை அளந்து, மேலே ஒரு முள், லென்ஸை எந்த எண்ணில் வைக்கவேண்டும் என்று காட்டும். பேட்டரிகூடக் கிடையாது. தென்காசியிலேயே வானத்தை அண்ணாந்து பார்த்து வெளிச்சம் சொல்லும் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய நீங்கள், அந்த முள் வந்த பிறகு வானத்தையே மறந்துபோனீர்கள். பழைய கேமராவையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். வேண்டாம் என்று சொன்னேன். என் பேச்சை என்றைக்குக் கேட்டீர்கள்?

சாரல் சீசன் முழுக்க முள் ஒழுங்காகத்தான் இருந்தது. பூஜை முடிந்து ஐப்பசி பிறந்ததும் வந்தது வினை. குற்றாலத்தில் குளிக்க வந்த ஒரு குடும்பத்தை எடுத்தீர்கள். நெகட்டிவ் கரிக்கட்டையாக வந்தது. பிரிண்ட் போட்டால் எல்லார் முகமும் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. டெவலப்பர் மருந்து கெட்டுவிட்டது என்று புதிதாகக் கலக்கினீர்கள். அடுத்த பிலிம் சுருளும் அப்படியே. இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனீர்கள். குழம்பில் உப்பு கூடிவிட்டதோ என்று நான் பயந்தது தனிக் கதை.

அந்த நேரம் பார்த்துத்தான் இலஞ்சி வாத்தியார் வந்தார், உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். வயிற்றில் கட்டி. மறுநாள் சாயங்காலம் ரயிலில் மதராஸுக்கு, ஆபரேஷனுக்குப் போகிறார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "காலையில வீட்டுக்கு வந்து பிள்ளைகளோட ஒரு படம் எடுத்துருலே. திரும்பி வந்தா நான் பாக்கேன். வரலைன்னா அவங்க பாக்கட்டும்" என்றார், சிரித்துக்கொண்டே. நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். அவர் போனதும் கேமராவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தீர்கள்.

கண்ணாடியை உள்ளங்கையால் மூடினீர்கள். முள் கீழே விழுந்தது. கையை எடுத்தால் ஏறியது, ஆனால் பாதியிலேயே நின்றது. நகத்தால் தட்டினீர்கள், சாய்த்துப் பார்த்தீர்கள், தலைகீழாகக் கவிழ்த்தீர்கள். முள் எங்கும் ஒட்டவில்லை. பிலிம் டப்பாவிலிருந்த தாளில் நல்ல வெயிலுக்குப் பதினாறு என்று போட்டிருந்தது. உச்சி வெயிலில் நின்றுகொண்டு உங்கள் முள் எட்டு என்றது, வெளிச்சம் போதாது, லென்ஸை இன்னும் திற என்பதுபோல.

"ரெண்டு படி வெளிச்சத்தைக் குறைச்சு எடுங்களேன்" என்றேன்.

"நாளைக்கு எத்தனை படி பொய் சொல்லும்னு உனக்குத் தெரியுமாட்டி?" என்று பாய்ந்தீர்கள். "தென்னந்தோப்புக்குள்ள வீடு. மேகம் வேற வரும் போகும். ஒரே தடவைதான். அவன் முகம் வெளுத்துப்போச்சுன்னா, அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"



பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்காரர் வந்து மேல்மூடியைக் கழற்றினார். கம்பி அறுந்திருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பொட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடினார். முள் எட்டைத் தாண்டவில்லை. "உள்ள வெளிச்சத்தை அளக்க செல்லு செத்துப்போச்சு, அண்ணாச்சி. இதுக்கு மாத்து இங்கன கெடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தீர்கள்.

அப்போதுதான் கேமராவைக் கையில் எடுத்தேன். தேனடைக் குழிகளில் மங்கலாக ஒரு மஞ்சள். மூக்கருகில் கொண்டுபோனேன். சந்தனம்!

பூஜையன்று, "தோலுறைமேல வச்சாப் போதும்" என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். லென்ஸுக்கு மேலே அந்தக் கண்ணாடி நெற்றிபோல் இருக்கவே, சாமி காரியத்தில் என்ன கஞ்சத்தனம் என்று நான் அதிலேயே அப்பினேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்தேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு குழியிலும் மெழுகியிருக்கிறேன். காய்ந்தபின் அது கண்ணாடியின் நிறம் மாதிரியே ஆகிவிட்டது.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உங்கள் கோபத்துக்கு மட்டும் அல்ல, அந்த வாத்தியார் முகத்தை நினைத்தும் பயந்தேன். ஈர்க்குக் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்டுடியோவிலிருந்த ஸ்பிரிட்டில் தோய்த்து, குழி குழியாகத் துடைத்தேன். கிணற்றடியில் வாளிச் சத்தம் நிற்பதற்குள் முடிக்கவேண்டுமே என்று கை பரபரத்தது. குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு கேமராவை இருந்த இடத்தில் வைத்தேன்.

நீங்கள் வந்து எடுத்தீர்கள். வெயிலைப் பார்த்துத் திருப்பினீர்கள். முள் துள்ளி ஏறிப் பதினாறில் நின்றது. "ஏட்டி! வாட்ச்காரன் கை வச்சது இப்பத்தான் பிடிச்சிருக்கு பாரு!" என்று கத்தினீர்கள். நானும் "நல்ல கைராசிக்காரர்" என்றேன். இதைவிடப் பெரிய பொய்யை நான் உங்களிடம் சொன்னதில்லை.

மறுநாள் காலை இலஞ்சியில் எடுத்த படம் பழுதில்லாமல் வந்தது. வாத்தியார் மடியில் கடைக்குட்டி, அவர் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அவர் மதராஸிலிருந்து திரும்பவில்லை. பதினாறாம் நாள் அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். அவர் பிள்ளைகள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒரு குச்சிப் பஞ்சு தவறியிருந்தால், என் பக்தியால் அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா முகமே இல்லாமல் போயிருக்கும்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்று என் கையிலிருந்த கிண்ணத்தை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். "இந்தத் தடவை நான் வைக்கேன்." தோலுறையில் ஒரு பொட்டு. கேமரா முக்காலியில் ஒரு பொட்டு. மிச்சத்தை என் நெற்றியில் வைத்து, "இங்கன வச்சா எந்த முள்ளும் நிக்காது" என்றீர்கள்.

எப்போது கண்டுபிடித்தீர்கள்? ஸ்பிரிட் வாசத்திலா, என் முகத்திலா? நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரெல்லாம் வாட்ச் ரிப்பேர்காரரின் கைராசியைப் பேசிக்கொண்டே இருந்தீர்கள். வருஷம் தவறாமல் கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டீர்கள். நான்தான் செய்தேன் என்று ஒரு தடவைகூட உங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. இதோ, இப்போது சொல்லிவிட்டேன்.

மருமகள் தரையைத் துடைத்துவிட்டு வந்தாள். உறையைக் காட்டினேன், பொட்டு வைத்தாள். விரலில் மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, நானே வைத்துக்கொண்டேன்.