தட்டின் நீல வளையம்

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வெண்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். புனேயில் மழை அதிகம் என்று டிவியில் சொன்னார்கள், குடையைப் பையிலேயே வைத்துக்கொள். நீ நலமா என்று எப்போதும்போல் கேட்க இன்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாசி மாதம் ஒரு நாள் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். "தட்டில் அந்தக் கோடு வேண்டாம்" என்பதுதான் அது. இதைப் போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, வுடும்மா" என்று நீயே என்னைத் தப்பிக்க விட்டுவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

அன்று புதுச்சேரியிலிருந்து பிரபா என்ற பெண் எங்கள் பீங்கான் கம்பெனிக்கு வந்தாள். கட்டடங்களுக்கு உள்ளலங்காரம் செய்கிறவள். சாப்பிட முடியாமல் நோயாகிப்போன பெண்கள் தங்கிக் குணமாகும் ஓர் இல்லத்துக்குச் சாப்பாட்டுக் கூடம் அமைக்கிறாள், அதற்குச் சுவரில் பதிக்கும் ஓடுகளும் சாப்பாட்டுத் தட்டுகளும் நாங்கள் செய்து தர வேண்டும். அவள் வரைபடத்தை விட்டு என் கண் நகரவே இல்லை. ஓட்டில் பளபளப்பு கூடாது, நடந்து போகிறவளுக்குத் தன் உருவம் தெரியக் கூடாது. மேசை வட்டமாக இருக்க வேண்டும், யாரும் தலைமாட்டில் உட்கார்ந்து காவல் காக்கிற மாதிரி இருக்கக் கூடாது. நாற்காலிகள் அகலமாக, கைப்பிடி இல்லாமல். ஜன்னலில் ஒரு மரமாவது தெரிய வேண்டும், சோற்றைத் தவிர வேறு எதையாவது பேச வேண்டுமே. இவ்வளவு யோசித்தவள், கண்ணுக்கு அமைதியாக இருக்கும் என்று தட்டின் உட்புறம் ஒரு நீல வளையம் வரைந்திருந்தாள்.

ஃபோர்மேன் ராஜாங்கம், "சாப்புடாததுக்கு ஒரு ஆஸ்பத்திரியா மேடம்? ஒரு வாரம் எங்க வூட்டுக்கு அனுப்புங்க, எங்கூட்டுக்காரி கருவாட்டுக் கொழம்பு வெச்சா தட்டயும் சேத்துத் தின்னுடுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெண்பா. பிரபா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா? இந்தத் தட்டு சரியா இருக்குதான்னு சொல்லுங்க" என்று கேட்டாள். "தெரியலைங்க" என்றேன்.

எனக்குத் தெரியும். காலேஜ் இரண்டாம் வருஷ லீவில் நீ சோற்றில் விரலால் கோடு இழுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கத்தைத் தொடாமல் எழுந்து போவதைத் தினமும் பார்த்தவள் நான். நூலகத்தில் புத்தகம் எடுத்து, அதன் பெயர் வெளியே தெரியாமல் செய்தித்தாளில் அட்டை போட்டுப் படித்து, நோய் இன்னதென்றும் தெரிந்துகொண்டேன். ஆனால் பெரியநாயகி அத்தை "பொண்ணு ஏண்டி இப்படி எளச்சிட்டா, சோறு போடறியா இல்லியா" என்று கேட்டதும் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சோறிருந்தும் என் பிள்ளை சாப்பிடவில்லை என்று சொல்ல வெட்கம். அன்றிலிருந்து உறவு மொத்தமும் உனக்குப் பத்தியம் பார்த்தது. எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, கீழாநெல்லி அரைத்துக் கொடு, இரண்டு வாய் மோர்ச்சோறு போதும். நீ சாப்பிடாமல் இருப்பதற்கு ஊரே அனுமதி கொடுத்தது, அதைக் கொடுக்க வைத்தது நான். வேண்டுதலைத் தாளில் எழுதி அப்பா கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டிய பிராதிலும் மஞ்சள் காமாலை என்றே எழுதச் சொன்னேன். கடைசியில் உன்னைச் சரியான டாக்டரிடம் கூட்டிப்போனது உன் ஹாஸ்டல் தோழி தமிழ்மணி, பெற்ற நான் இல்லை.

சித்திரையில் தட்டுகள் போயின. ஆனியில் பிரபா போன் செய்தாள். அங்கே மூன்று பெண்கள் வளையத்துக்குள் இருப்பதை மட்டும் சாப்பிடுகிறார்களாம், வெளியே ஒரு பருக்கையைக்கூடத் தொடுவதில்லையாம். "எங்க டிசைன்தான் தப்புக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. மொத நாளே தெரியும் பிரபா, எம்பொண்ணுக்கு இருந்துச்சு, சொல்ல வெக்கப்பட்டுட்டேன் என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னது இன்னொரு தப்பு. உன் பெயரைச் சொல்லவில்லை.  அவள், அந்தக் கூடம் எப்படி இருந்தால் நல்லது என்று உங்கள் பெண் சொல்வாளா என்று கேட்டாள். உனக்காக நான் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விருப்பமில்லை என்றால் விட்டுவிடு. கோபம் வந்தால் அதையாவது எழுது.

கார்த்திகையில் அத்தை வீட்டுப் பாரதி கல்யாணத்துக்கு வா என்று வற்புறுத்த மாட்டேன். வந்தால் உன் இலையைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை பேச விடமாட்டேன். டாக்டரைப் பார்க்கும் நாளை மட்டும் தள்ளிப்போடாதே. நீ நிம்மதியாக இருக்க வேண்டும், உன் நாட்கள் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் அம்மா,
வாசுகி

இதை மேலே எழுதக் கை வரவில்லை. வளையம் இல்லாத தட்டுகள் புதன்கிழமை வண்டி ஏறின. அந்த மூன்று பெண்களில் ஒருத்தி அதற்கு முந்தின வாரமே, குணமாகாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.