ஆறு குளிர் தாங்கும் டயர்

நவம்பர் 4, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டிகளில் எங்கள் பிக்கப்பின் டயரில் மட்டும் பனி ஒட்டவில்லை. மற்ற வண்டிகளின் டயர்ப் பள்ளங்களில் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. எங்களுடையது கறுப்பாக, வழவழவென்று, நனைந்த கடல்நாய் முதுகு மாதிரி இருந்தது. பனி பிடித்துக்கொள்ள அதில் இடமில்லை. அப்படியென்றால் அது சாலையைப் பிடிப்பது எப்படி?

அம்மா உள்ளே, டயாலிசிஸில். நாலு மணி நேரம் இயந்திரம் அவள் ரத்தத்தைக் கழுவும். திங்கள், புதன், வெள்ளி. போக தொண்ணூறு கிலோமீட்டர், வர தொண்ணூறு, நடுவில் மலை. முன்பு ஒருவர் தன் காரில் இலவசமாகக் கூட்டிப்போவார். அவருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகிவிட்டது. பதினேழு முடிந்ததும் லைசென்ஸ் எடுத்தேன், செப்டம்பரில் பள்ளிக்குப் போகவில்லை. அங்கே வாயைத் திறக்காதவள் என்பதால் நான் வராதது யாருக்கும் உறைத்திருக்காது.

டிசம்பர் ஒன்றுக்குள் பனிக்கால டயர் மாட்ட வேண்டும், சட்டம். பழைய செட் மொட்டையாகி வசந்தத்திலேயே குப்பைக்குப் போய்விட்டது. ஓமேரின் டயர் கடைக்குப் போன் செய்ய வேண்டும். பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் செய்யவில்லை.

நவம்பர் 6, ஞாயிறு

அம்மாவின் தம்பி ரேயால் மாமா மூஸ் மான் இறைச்சி கொண்டு வந்தார். டயர் பேச்சு வந்தது.

"எதுக்கு ஓமேர்கிட்ட போறீங்க? என் ஷெட்ல நாலு ஆணி டயர் சும்மா கெடக்கு. இதே சைஸ்தான். இன்னும் ஒரு குளிர் தாங்கும்."

"புதுசு எத்தனை குளிர் தாங்கும் மாமா?" என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரலில்.

"நல்லதா வாங்கினா ஆறு. ஆனா உங்க பிக்கப்பே ஆறு குளிர் தாங்காதே பாப்பா!" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பழசையே கொண்டா ரேயால். ஒரு குளிர் போதும் எனக்கு."

நவம்பர் 7, திங்கள்

'எனக்கு' என்றாள் அம்மா. 'நமக்கு' என்று ஏன் சொல்லவில்லை?

நவம்பர் 9, புதன்

இன்று கேட்கக்கூடாததைக் கேட்டேன். அம்மாவின் கம்பளிக் குல்லாய் வண்டியிலேயே கிடந்தது, கொடுக்கப் போனேன். திரைக்குப் பின்னால் அம்மாவும் நர்ஸ் சோலான்ஜும்.

"நிறுத்திட்டா எத்தனை நாள் ஆகும்?"

"கிலேன்... எதுக்கு இந்தப் பேச்சு?"

"சும்மா சொல்லுங்க."

"ஒரு வாரம். பத்து நாள். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

"இப்ப இல்ல. நிலமெல்லாம் உறைஞ்சு கெடக்கு, குழி தோண்ட முடியாது. ரோடு காயட்டும், வசந்தம் வரட்டும். அப்புறம் அந்தப் பிள்ளை இந்த ரோட்டுல ஓட்டினது போதும். திரும்பப் படிக்கப் போகட்டும்."

சோலான்ஜ் என்ன சொன்னாள் என்று தெரியாது. குல்லாயை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன், ஓடாத வண்டியில்.

ஒரு குளிர் போதும். அதுதான் கணக்கு.

நவம்பர் 12, சனி

மாமா முற்றத்திலேயே ஜாக்கி வைத்து நாலையும் மாட்டினார். நான் நட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். ஐஸைப் பிடிக்கும் ஆணிகளில் பாதி விழுந்து ஓட்டைகள் மட்டும் இருந்தன. கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். நல்ல பனிக்கால டயரில் குளிரிலும் நகம் பதியும். இதில் பதியவில்லை.

இங்கே டயரைக் கழற்றும்போது எந்தச் சக்கரம் என்று சாக்பீஸால் எழுதி வைப்போம், அடுத்த குளிரில் மாற்றி மாட்ட. இதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மாமா இவற்றை மறுபடி மாட்ட நினைத்ததே இல்லை.

"என்ன பாக்கற? நல்லா இல்லையா?" என்றார்.

தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"அக்கா, இவளுக்கு வாயில நாக்கு இருக்கா, இல்ல அதையும் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்துட்டாளா?"

சொல்லியிருக்க வேண்டும். 'மாமா, இது கல்லு மாதிரி இருக்கு.' இத்தனைதான். இவ்வளவுகூட ஏன் என் வாயில் வருவதில்லை?

நவம்பர் 16, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

திரும்பும்போது மலை இறக்கம், இரண்டாவது வளைவு. வேகம் இல்லை. சத்தியமாக வேகம் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. நேராகவே போனது. அப்புறம் பின்பக்கம் சுழன்றது. பின்தொட்டியில் போட்டிருந்த மணல் மூட்டைகள் உருண்ட சத்தம். அம்மா ஊசி குத்திக் கட்டுப்போட்ட கையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஓரத்துப் பனிமேட்டில் முட்டி நின்றோம். அந்தப் பக்கம் வேலி கிடையாது. மரங்களின் உச்சி தெரிந்தது.

அம்மா அமைதியாகச் சொன்னாள்: "பாத்தியா. இதுக்குத்தான் சொல்றேன்."

"என்ன சொல்றே? என்ன சொல்றே நீ? எனக்குத் தெரியும்மா, எல்லாம் தெரியும்! ரோடு காயறதுக்குக் காத்துட்டிருக்கே! நான் உன்ன கேட்டனா, படிக்கப் போறேன்னு கேட்டனா?"

கத்தினேன். நான். வண்டிக்குள் எவ்வளவு சத்தமாக இருந்தது.

அம்மாவின் கைக்கட்டுத் துணியில் சின்னதாக ரத்தப் பொட்டு. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம், பனி தள்ளும் லாரி வரும்வரை. ஓட்டுநர் சங்கிலி போட்டு இழுத்தார். டயரைப் பூட்ஸ் முனையால் தட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, கல்லு மாதிரி இருக்கு, இத வச்சு ஐஸ் ஹாக்கி ஆடலாமே! வண்டிக்கு ஏன் மாட்டினீங்க?"

நவம்பர் 17, வியாழன்

"நாளைக்குப் போக வேண்டாம். ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது" என்கிறாள் அம்மா.

ஒரு நாள் விட்டால் அடுத்த நாளும் விடலாம்.

நவம்பர் 18, வெள்ளி

போகவில்லை. சாவியோடு காலையிலிருந்து கதவருகே நின்றேன். அம்மா போர்வையை விட்டு எழவில்லை. "அந்த டயர்ல உன்ன ஏத்த மாட்டேன். நீ செத்தா நான் எதுக்கு?" என்றாள். அந்த டயரில் நானும் அவளை ஏற்ற மாட்டேன்.

மாலைக்குள் கணுக்கால் வீங்கிவிட்டது. காலுறையின் வளையம் சதையில் பள்ளமாகப் பதிந்திருந்தது. உருளைக்கிழங்கை வழக்கம்போல இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரை இறுத்தேன். அவளுக்கு ஆகாத பொட்டாசியம் போகும் என்று. அம்மா தொடவில்லை. ஒரு ஐஸ்கட்டியை மட்டும் சப்பிக்கொண்டிருந்தாள்.

என்ன செய்வேன். என்ன செய்வேன். என்ன

நவம்பர் 19, சனி

ஓமேர் கடைக்குப் போனேன். போன் செய்யாமல், காகிதம் இல்லாமல். ஊருக்குள்தான், நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். உள்ளே ஏழெட்டுப் பேர் காபியோடு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

"கிலேன் மகளா? டிசம்பர் ரெண்டு வரைக்கும் இடமில்ல தங்கம்" என்றார் ஓமேர்.

போயிருக்க வேண்டியவள்தான். போகவில்லை, நின்றேன். பேச்சு வராததால் நின்றேன். அவர் ஒரு வண்டியை முடித்துவிட்டு வந்து பார்த்தார், நின்றுகொண்டே இருந்தேன்.

"சரி, என்னதான் வேணும்?"

"ஆறு குளிர் தாங்கறது. நாலு. ஆணியோட."

"அந்த ஓட்டை பிக்கப்புக்கா? அது ரெண்டு குளிர் தாண்டாது. பின்னாடிக்கு மட்டும் ரெண்டு நடுத்தரமா போட்டுக்கோ, ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் ஓடறான்."

"முன்னாடி திரும்பல" என்றேன். "ஸ்டீயரிங்க திருப்பினேன், திரும்பல. அம்மா உள்ள இருந்தா. நேத்து டயாலிசிஸ் போகல. கால் வீங்கிடுச்சு. நாலும் வேணும். இன்னைக்கே வேணும்."

கடை முழுக்கக் கேட்டிருக்கும். ஒருவரும் காபி குடிக்கவில்லை.

டயருக்குப் பதிலாக பனிமேல் ஓட்டுகிற என் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். போன வருஷமே கேட்டிருந்தார், தரமாட்டேன் என்றிருந்தேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"வண்டிய உள்ள ஏத்த இடமில்ல. சக்கரத்தை நீயே கழட்டி உருட்டிட்டு வந்தா, டயர் மாத்தி ஆணி அடிச்சுத் தரேன். முடியுமா?"

முடிந்தது. வாசல் பனியில் மண்டியிட்டு, ஜாக்கி வைத்து, ஒவ்வொன்றாக. நாலு தடவை உருட்டிப் போனேன், நாலு தடவை உருட்டி வந்தேன். மூன்றாவதில் விரல்கள் மரத்து நட்டு பிடிபடவில்லை. காத்திருந்தவர்களில் ஒருவர் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.

அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தேன். மதியம் ஒரு இடம் இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜன்னலில் நின்றிருந்தாள். கதவைத் திறந்து டயர்களைப் பார்த்தாள். பூனை மீசை மாதிரிச் சின்ன ரப்பர் முடிகள் இன்னும் உதிராத புது டயர்.

"எத்தனை குளிருக்கு?"

"ஆறு."

"திருப்பிக் குடுத்துடு."

"ஆணி அடிச்சாச்சு. எடுத்துக்க மாட்டாங்க."

உள்ளே போய்விட்டாள். நான் எஞ்சினைப் போட்டேன், ஹீட்டரைப் போட்டேன், அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தேன். பத்து நிமிஷம். பதினைந்து. அப்புறம் ஹார்ன் அடித்தேன். நிறுத்தாமல் அடித்தேன், எதிர்வீட்டுத் திரை விலகும்வரை.

அம்மா கோட்டை மாட்டிக்கொண்டே வந்தாள். "ஊரைக் கூட்டறியா?" என்றாள்.

நவம்பர் 21, திங்கள்

புது ஆணி இறுகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். "இப்படி ஊர்ந்தா அடுத்த தடவைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றாள் அம்மா. இரண்டாவது வளைவில் வண்டி திரும்பியது.

ஜனவரி 11, புதன்

மைனஸ் முப்பத்தொன்று. போனோம். வந்தோம்.

மார்ச் 24, வெள்ளி

கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது. ஊரே இதற்காகத்தான் ஏங்கிக் கிடந்தது. நானோ ராத்திரி எல்லாம் மறுபடி உறையவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அன்று வண்டியில் கத்தியதைப் பற்றி அம்மாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரோடு காய்ந்துகொண்டு வருகிறது.

ஏப்ரல் 17, திங்கள்

மலைச் சாலை முழுக்கக் காய்ந்துவிட்டது. அம்மா வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

ஏப்ரல் 29, சனி

மே ஒன்றுக்குள் ஆணி டயரைக் கழற்ற வேண்டும். முற்றத்தில் ஜாக்கி வைத்து நானே கழற்றினேன். நேற்றும் போய்வந்தோம். திங்களுக்கு என்ன என்று இருவரும் சொல்லவில்லை. அம்மா படியில் வெயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாலையும் சுவரோரம் அடுக்கினேன். தார்ப்பாயை இழுத்து மூடப் போனேன்.

"மூடாத" என்றாள் அம்மா. "எது எந்தச் சக்கரம்னு எழுதல நீ. நவம்பர்ல முழிச்சிட்டு நிப்பே."

சாக்பீஸ் சமையலறை இழுப்பறையில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து, மேலே இருந்த டயரைத் துடைத்துவிட்டு எழுதினேன்: முன், இடது.