என் கொள்ளுத்தாத்தா பெயரில் அடங்கியிருக்கும் அவருடைய அண்ணன்

அனுப்புநர்
தையல்கடைக்காரம்மா (தெருவில் இப்படிக் கேட்டால்தான் வழி சொல்வார்கள், முழுப்பெயர் இணைப்பில்),
பழைய இரயில் பணிமனைக் குடியிருப்பு, மாடி வீடு.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பழைய கல்லறைத் தோட்டம் – கிழக்கு மதிலோரக் கல்லறை ஒன்றை வேறிடத்துக்கு மாற்றித் தரவும், அதில் இருப்பவரின் சரியான பெயரைப் பதியவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சாலையை அகலப்படுத்தத் தோட்டத்தின் கிழக்கு ஓரம் எடுக்கப்படுகிறது என்றும், நேர் வாரிசுகள் மாத இறுதிக்குள் மனு செய்தால் கல்லறையை மாற்றித் தருவதாகவும், மற்றவை சமன் செய்யப்படும் என்றும் மதிலில் அறிவிப்பு ஒட்டியுள்ளீர்கள். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கடைக்கு வருபவர்களும் அந்தச் சாலையில்தான் வருகிறார்கள்.

1. அங்கே ஒரு கல்லில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் 1923 என்ற ஆண்டும் உள்ளன. ஆனால் அவர் அதில் இல்லை. இருப்பவர் அவருடைய அண்ணன். பெயர்களை எழுதினால் எங்களுக்குச் சுற்றிய தலை தங்களுக்கும் சுற்றும். ஆகவே மூத்தவர், இளையவர் என்றே எழுதுகிறேன். இளையவர் என் கொள்ளுத்தாத்தா. மூத்தவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

2. எங்கள் வீட்டுக் காகிதங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்பவை. கொள்ளுப்பாட்டியின் திருமணப் பதிவில் கணவர் இளையவர். 1926இல் பிறந்த என் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழிலோ தகப்பனார் மூத்தவர். இளையவர் 1923இல் இறந்ததாகத் தங்கள் பதிவேடு சொல்கிறது. 1958இல் மகள் வீட்டில் இறந்ததாக அந்த ஊர்ப் பதிவேடு சொல்கிறது. தங்கள் பிரிவு எழுத்தர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, ஒருத்தர் ரெண்டு தடவ செத்திருக்காரு, இன்னொருத்தர் இன்னும் சாகவே இல்லையே!" என்றார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் நாங்கள் யாருக்குப் பேரப்பிள்ளைகள் என்று எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரு காலத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததுண்டு.

3. நடந்தது இது. வெள்ளைக்காரக் கம்பெனி நாட்களில் பணிமனை வாசலில் ஒரு பித்தளை வில்லையைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். அதில் எண் மட்டும்தான் இருக்கும். எண்ணைப் பார்த்தார்களே தவிர யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. ஆகவே ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் தம்பியோ மச்சானோ அதே வில்லையோடு போய்வருவது குடியிருப்பில் சகஜம். வில்லை மூத்தவருடையது. இளையவருக்கு வேலை இல்லை. மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். காய்ச்சலில் மூத்தவர் இறந்தார். அதைச் சொன்னால் கம்பெனி வில்லையைப் பிடுங்கிக்கொள்ளும். எனவே செத்தது தம்பி என்று எழுதிக்கொடுத்து அடக்கம் செய்துவிட்டு, மறுநாள் தம்பி அண்ணனாக வேலைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை அப்படியே போனார். தெருவுக்கே தெரியும், ஒருவரும் மூச்சுவிடவில்லை. அடக்கத்தின்போது அவர் தன் பெயரைச் சொல்லியே அழுதிருக்க வேண்டும்.

4. கதை கட்டுகிறாள் என்று தாங்கள் எண்ண வேண்டாம். கம்பெனியின் காயப் பதிவில், இந்த எண்ணுக்குரியவர் 1911இல் தகடு வெட்டும் இயந்திரத்தில் இடது கையில் இரண்டு விரல்களை இழந்ததாக உள்ளது. ஓய்வு பெற்ற அன்று எடுத்த படத்தில், காலடியில் அதே எண் எழுதிய பலகை. முழங்கால் மேல் இரண்டு கைகள். பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன. வெட்டுப்பட்ட விரல் முளைக்காது ஐயா. மேலும் என் அத்தை சிறுமியாக இருந்தபோது, அந்தக் கல்லருகே நின்ற இளையவரிடம், "இது உங்க பேருதானே தாத்தா, நீங்க செத்துட்டீங்களா?" என்று கேட்டாராம். அவர், "எங்கண்ணன் பேர்ல நான் சோறு திங்கிறேன் கண்ணு, எம்பேர்ல அவன் படுத்திருக்கான்" என்றாராம். தாத்தா கேலி செய்கிறார் என்று அத்தை ஓடிவிட்டார்.

5. என் முதல் விண்ணப்பம், மூத்தவர் இறந்ததற்கே பதிவு இல்லை என்று திரும்பியது. இரண்டாவது, நான் அவருக்கு நேர் வாரிசு இல்லை என்று திரும்பியது. பிள்ளை பெறாதவருக்கு நேர் வாரிசைக் கொண்டுவா என்றால் நான் எங்கே போவேன்? எழுத்தர் நல்ல பிள்ளை, அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. "எதுக்குக்கா வம்பு? கல்லுல இருக்கறது உங்க கொள்ளுத்தாத்தா பேருதானே, அவரோடதுன்னு ஒரு வரி எழுதுங்க, இன்னைக்கே முத்திரை குத்திடறேன்" என்று பேனாவையும் நீட்டினார். கூட வந்த என் அண்ணனும், "செத்தவரா வந்து கேக்கப் போறாரு? கையெழுத்தப் போடு" என்றார். என்னால் முடியவில்லை. அன்று பசிக்காக எழுதினார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இன்று பசி இல்லை.

ஆகவே, தம்பி வழி வந்தவள் என்ற முறையில் என் மனுவை ஏற்று, கல்லறையை மாற்றி, மூத்தவர் பெயரிலேயே பதிந்து தருமாறு வேண்டுகிறேன். புதுக் கல் வைப்பது எங்கள் பொறுப்பு.

விதி அதற்கு இடம் கொடாது என்றால், கல்லறை போகட்டும் ஐயா. சமன் செய்தோம் என்று தங்கள் அலுவலகம் எழுதும் குறிப்பில் மட்டும் இளையவர் பெயரை எழுதாமல், மூத்தவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். எங்களை வாழவைத்த மனிதர் போகும்போதாவது சொந்தப் பெயரில் போகட்டும். அன்று கடையை அடைத்துவிட்டு வந்து நான் மதிலோரம் நிற்பேன். யாரம்மா நீ என்று தங்கள் ஆட்கள் கேட்டால், உள்ளே இருப்பவருக்கு நான் சொந்தம் என்று சொல்ல எனக்கு அனுமதி தர வேண்டும்.

இடம்: பணிமனைக் குடியிருப்பு
நாள்: 9ஆம் தேதி, மாத இறுதிக்கு முன்

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்
(கையொப்பம்)
மூத்தவருடைய தம்பியின் கொள்ளுப்பேத்தி

இணைப்பு: இருவர் பெயர்களும் என் முழுப்பெயரும், பதிவுகளின் நகல்கள், ஓய்வு நாள் படம் (அசல், பார்த்தபின் திருப்பித் தரவும்).